பச்சைத் தாளில் ஒரு சைபர்

மயிலாப்பூர்
12.2.1997

ஆஃப்ரீன் அவர்களுக்கு,

காமாக்ஷி எழுதுவது. எந்தக் காமாக்ஷி என்று உங்களுக்குக் குழப்பம் வரலாம். எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறோம். போன மாதம் இருபத்தெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை, பெண்களின் சாப்பாட்டுப் பழக்கத்துக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லி, ஒரு கட்டுப் பச்சைத் தாளோடு எங்காத்துக்கு வந்தீர்களே, அந்தப் பாட்டு டீச்சர். தண்ணீராவது குடியுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். வேண்டாம் என்றீர்கள். நம்மாத்துத் தண்ணீர் கூட ஆகாதா என்று மனசுக்குள் கொஞ்சம் கோபம். நீங்கள் படி இறங்கிய பிறகுதான் ரம்ஜான் நோன்பு என்று உறைத்தது. கோபத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

விஷயம் அதுவல்ல. உங்கள் பத்தொன்பதாவது கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை கப் காபி குடிப்பீர்கள் என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் எங்காத்துக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “சைபர்னு போட்டுக்கோங்கோ. இந்தாத்துல காபியே கிடையாது” என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையை ஆட்டினேன். “மயிலாப்பூர்ல சைபரே கிடைக்க மாட்டேங்குது, நீங்கதான் நாலாவது” என்று நீங்கள் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனீர்கள். அன்றிலிருந்து அந்தச் சைபர் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அது பொய். எப்படி வந்த பொய் என்று சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் காசி, கயா போனோம். கயாவில் பித்ருக்களுக்குப் பிண்டம் போட்டபின் பிடித்த காய் ஒன்று, பழம் ஒன்று, இலை ஒன்று விட வேண்டும் என்பது வழக்கம். எல்லோரும் சாமர்த்தியமாக, தங்கள் ஆத்தில் யாரும் சீண்டாத காயாகப் பார்த்து விடுவார்கள். இவருக்கு அன்று என்ன தோன்றியதோ, கூட வந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, “எனக்கு ரொம்பப் பிடிச்சது காபி. அதை விடறேன்” என்று சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்கு வந்ததும் பித்தளை ஃபில்டர் பரணுக்குப் போயிற்று. விட்டது அவர். விட்டவள் என்ற பெயர் எனக்கும்.

நான் விடவில்லை. எங்கள் தெருக்கோடியில் தேவானை என்று ஒருத்தி பால் பூத் வைத்திருக்கிறாள். பூத்துக்குப் பின்னால் அவளுக்கு ஒரு ஸ்டவ். பொடி நான் வாங்கிக் கொடுத்தது, டிகாஷன் இறக்குவதும் நான். காலை ஐந்தரைக்குப் பால் வாங்கப் போகும் சாக்கில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஆகக்கூடி மூன்று. சைபரை அடித்து மூன்று என்று எழுதிக்கொள்ளுங்கள். என் பொய்யை நம்பி நாளைக்கு நாலு பெண்களுக்கு யாராவது தப்பாக யோசனை சொல்லிவிடப் போகிறார்கள்.

இன்னொன்று. தெரிந்தவள் ஒருத்திக்காகக் கேட்கிறேன். காபி அதிகம் குடித்தால் மார்பில் கட்டி வருமா? வந்தால், காபியை நிறுத்தினால் அது கரையுமா?

பதிலைத் தேவானையின் பூத் விலாசத்துக்குப் போடுங்கள், அடியில் எழுதியிருக்கிறேன். எங்காத்துக்கு வரும் கடிதம் எல்லாவற்றையும் அவர்தான் பிரிப்பார். போன் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
காமாக்ஷி


ராயப்பேட்டை
17.2.1997

மதிப்பிற்குரிய காமாக்ஷி டீச்சருக்கு,

ஆஃப்ரீனின் வணக்கம். இருநூறு வீட்டுக்கு மேல் ஏறி இறங்கியிருக்கிறேன். சொன்னது பொய் என்று தானாக எழுதிய முதல் ஆள் நீங்கள்தான். சைபரை அடிக்கும்போது கொஞ்சம் வலித்தது, மறைக்க மாட்டேன். மயிலாப்பூரில் காபி குடிக்காத பெண்கள் இப்போது மூன்றே பேர். அந்த மூன்று வீட்டுக்கும் பின்னால் ஒரு பால் பூத் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

நாங்கள் செய்வது இதுதான். நோய் இல்லாத பெண்களுக்குப் பச்சைத் தாள், நோய் வந்தவர்களுக்கு மஞ்சள் தாள். கேள்விகள் இரண்டிலும் ஒன்றே. பச்சைக்காரர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறேன், மஞ்சள்காரர்களை அடையாறு ஆஸ்பத்திரியில் பார்க்கிறேன். கடைசியில் இரண்டு கட்டையும் பக்கத்தில் வைத்து, காபி குடிப்பது எதில் அதிகம், எதில் குறைவு என்று ஒப்பிடுவோம். ஆகவே எண்ணிக்கை சரியாக இருப்பது முக்கியம். மூன்று என்கிறீர்கள். ஆனால் நீங்கள் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் பல வீடுகளுக்குப் போவதாக முதல் கேள்வியிலேயே எழுதியிருக்கிறேன். அங்கெல்லாம் ஒன்றும் கொடுப்பதில்லையா? இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள், டீச்சர்.

உங்கள் தெரிந்தவர் கேட்டதற்குப் பதில். இதுவரை பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை காபிக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் உறுதியான தொடர்பு எதையும் காணவில்லை. நாங்கள் முடிக்க இன்னும் இரண்டு வருஷம் ஆகும். ஆனால் ஒருவருக்குக் கட்டி தென்பட்டால், அது காபியால் வந்ததா மோரால் வந்ததா என்று யோசித்துக்கொண்டு உட்காரக் கூடாது. இந்த வாரமே டாக்டரிடம் காட்ட வேண்டும். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயாக இருப்பதில்லை. எது என்பதைக் கையால் தொட்டு நாமே முடிவு செய்ய முடியாது.

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்தத் தெரிந்தவள் நீங்களாக இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஆஃப்ரீன்


மயிலாப்பூர்
22.2.1997

சௌபாக்கியவதி ஆஃப்ரீனுக்கு,

ஆசீர்வாதம். என் பெண் வயசுதான் உனக்கு, இனிமேல் ‘நீங்கள்’ எல்லாம் எழுதக் கை வராது.

நீ சொன்னபடி எண்ணினேன். எண்ணியிருக்க வேண்டாம்.

காலையில் தேவானையிடம் ஒன்று. அது முடிந்ததும் டம்ளரை அலம்புவதற்கு முன்னால், பாத்திரத்தில் எடுத்து வைத்தது போக ஃபில்டரில் மிச்சம் இருக்கும் டிகாஷனுக்குக் கொஞ்சம் பாலை விட்டு அரை டம்ளர். அது வீணாகப் போகக் கூடாதே என்று குடிப்பது, அதைக் காபி என்று நான் நினைத்ததே இல்லை. பத்து மணிக்கு மந்தைவெளியில் மாளவிகா ஆத்தில் ஒன்று. புதுசாகக் கல்யாணம் ஆகி வந்த பெண், ஆசையாகக் கொண்டு வந்து வைப்பாள். அது அவளுக்காகக் குடிப்பது. நாலு மணிக்கு அபிராமபுரத்தில் மஹதிக்குப் பாட்டு. போனவுடன் ஒன்று. அவள் தாளத்தைத் தப்பவிட்டு என் பிராணனை வாங்கியபின் கிளம்பும்போது ஒன்று; அது மருந்து. இதோடு பூத்தில் மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஆக மொத்தம் ஏழு.

நான் மூன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது சத்தியம். யாராவது கொடுத்தது, மிச்சமானது, நின்றுகொண்டு குடித்தது, இதையெல்லாம் யார் எண்ணுவார்கள்? எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் “ரெண்டே ரெண்டு வேளை” என்றுதான் சொல்வார்கள். நீ நம்பாதே.

தேவானை ஒருத்திதான் என்னைச் சரியாக எண்ணி வைத்திருக்கிறாள். காலையில் என்னை நிம்மதியாகக் குடிக்கவும் விட மாட்டாள். “சீக்ரம் குட்ச்சிட்டு டம்ளரைக் குட்த்துடு டீச்சரம்மா. ஆறு மணிக்கு நம்ம ரெகுலர் கிராக்கி ஒண்ணு வரும்” என்று விரட்டுவாள்.

சரி. மற்றதையும் எழுதிவிடுகிறேன். அந்தத் தெரிந்தவள் நான்தான். தை கடைசி வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போது கையில் தட்டுப்பட்டது. இடது பக்கம். சுண்டைக்காய் அளவு. வலி இல்லை. பயம் இருக்கிறது.

எனக்கு இது ஏன் வந்தது என்று தெரியும். ஒரு நாளைக்கு ஏழு என்றால் மூன்று வருஷத்துக்கு எத்தனை என்று பார். அதுவும் அவர் தன் அப்பா அம்மாவை நினைத்து விட்ட வஸ்துவை, அவர் முதுகுக்குப் பின்னால் குடித்தது. ஆகையால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இன்றிலிருந்து ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், சொட்டுக் காபி கிடையாது. ஏப்ரல் பத்தாம் தேதி முடிகிறது. அதற்குள் கட்டி கரைந்துவிடும். கரையாவிட்டால் டாக்டரைப் பார்க்கிறேன். கவலைப்படாதே. தலைவலிதான் இப்போதே மண்டையைப் பிளக்கிறது, மணி பதினொன்றுதான் ஆகிறது.

காமாக்ஷி


ராயப்பேட்டை
26.2.1997

காமாக்ஷி டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்தில் அம்மி (அம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) போட்டு வைத்த டீயை ஆறவிட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் அது பெரிய குற்றம்.

மண்டலம் ஐயப்பனுக்குத் தெரியும். கட்டிக்குத் தெரியாது. அது நாற்பத்தெட்டு நாள் உங்களுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காது. காபியை விட்டால் கட்டி கரையும் என்று நான் எழுதவில்லை, என் பேராசிரியர் சொல்லவில்லை, எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. நீங்களாக ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்து, நீங்களாகத் தண்டனையும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தண்டனையே வைத்தியம் என்றும் நினைக்கிறீர்கள்.

தாளில் எழுதுவது தவிர வேறு எதிலும் தலையிடக் கூடாது என்பது எங்களுக்கு விதி. இந்தக் கடிதமே விதி மீறல். ஆனால் நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்று சொல்கிறேன். என் காலா, அம்மியின் அக்கா ஷகீலா, தன் வாழ்நாளில் ஒரு வாய் காபி குடித்தது கிடையாது. வாசனையே பிடிக்காது. அவருக்குக் கட்டி தென்பட்டபோது மகளின் நிக்காஹ் முடியட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் ஐந்து மாதம் காத்திருந்தார். நிக்காஹ் நன்றாக நடந்தது. காலா அடுத்த ரம்ஜானுக்கு இல்லை. காபியே குடிக்காதவர், டீச்சர். குடித்ததால் வந்தது, குடிக்காததால் வராது என்றெல்லாம் என்னிடம் சொல்லாதீர்கள்.

மார்ச் ஐந்தாம் தேதிக்குள் நீங்கள் டாக்டரைப் பார்த்ததாகக் கடிதம் வர வேண்டும். வராவிட்டால் உங்கள் வீட்டு விலாசத்துக்கே, சார் பெயருக்கே எழுதுவேன்.

ஆஃப்ரீன்


மயிலாப்பூர்
3.3.1997

செல்வி ஆஃப்ரீன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

தாங்கள் என்னிடம் கேட்க வந்தது காபியைப் பற்றி. என் உடம்பைப் பற்றி அல்ல. வெகுளியாக எழுதினது என் தப்பு. என் பச்சைத் தாளைக் கிழித்துப் போட்டுவிடவும். தங்கள் ஆராய்ச்சியில் இனி நான் இல்லை.

எங்காத்துக்காரருக்கு எழுதுவதாகப் பயமுறுத்துகிறீர்கள். எழுதுங்கள். அவர் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? என்னைத் திட்ட மாட்டார். திட்டினால் தேவலை. கயாவில் விட்டதை இவள் திருட்டுத்தனமாகக் குடித்தாள், அதனால்தான் இவளுக்கு இது வந்தது என்று மனசுக்குள் நினைப்பார். வாயால் சொல்லாமல் கடைசி வரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார். முப்பத்து மூன்று வருஷம் கூட இருந்தவரின் முகத்தில் அதை நான் பார்க்க வேண்டுமா?

உங்கள் காலா விஷயம் படித்து மிகவும் வருத்தப்பட்டேன். அதனால்தான் இந்தக் கடிதமும் எழுதுகிறேன்.

இன்று பத்தாவது நாள். சுண்டைக்காய் அப்படியே இருக்கிறது. எனக்கு மஞ்சள் தாள் வேண்டாம்.

காமாக்ஷி


ராயப்பேட்டை
6.3.1997

அன்புள்ள டீச்சருக்கு,

சாருக்கு எழுத மாட்டேன். எழுதுவதாகச் சொன்னது தப்பு. பயந்திருப்பவரை மேலும் பயமுறுத்தினேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

பச்சைத் தாளைக் கிழிக்கவில்லை. என் மேஜை இழுப்பறையில், மற்றக் கட்டோடு சேர்க்காமல் தனியாக இருக்கிறது. கிழிக்கச் சொன்னீர்கள், இந்த ஒன்றில் மட்டும் உங்கள் பேச்சைக் கேட்கப் போவதில்லை.

பேராசிரியர் சரோஜாதேவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உங்கள் பெயரைச் சொல்லாமல். நான் விதியை மீறியதற்குக் கால் மணி நேரம் திட்டினார். அது முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “அந்தம்மாவ எப்போ கூட்டிட்டுப் போறே?” என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த பெண் டாக்டர் ஒருவர் இருக்கிறார். மார்ச் பதின்மூன்று, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு உங்களுக்காக நேரம் வாங்கியிருக்கிறேன். அடையாறில்தான். அடையாறு என்றாலே நம் ஊரில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நான் வாரத்தில் நாலு நாள் அங்கே போகிறேன். வந்தவர்களில் எத்தனையோ பேர் ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போவதையும் பார்க்கிறேன்.

வாசலில் எட்டரை மணியிலிருந்து நிற்பேன். பதினொரு மணிக்கு எனக்குக் கல்லூரியில் வகுப்பு இருக்கிறது, அதுவரை உங்களோடு இருப்பேன். நீங்கள் வராவிட்டாலும் நிற்பேன். வெயிலில் என்னை நிற்க வைக்க உங்களுக்கு மனசு வராது என்ற தைரியம்தான்.

உங்கள்
ஆஃப்ரீன்


மயிலாப்பூர்
15.3.1997

சௌபாக்கியவதி ஆஃப்ரீனுக்கு,

ஆசீர்வாதம். வியாழக்கிழமை வெயிலில் நின்று முகமெல்லாம் கறுத்துப் போனாயே, தயிர் தடவிக்கொண்டாயா?

நீ பதினொரு மணி வகுப்புக்கு ஓடிய பிறகு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. எழுதாவிட்டால் என் மண்டை வெடித்துவிடும்.

அந்த டாக்டர் பெண் தங்கமானவள். தொட்டுப் பார்த்தாள், படம் எடுத்தாள். பிறகு ஊசியால் குத்திக் கொஞ்சம் எடுத்தார்கள். வலி பெரிசில்லை, எறும்பு கடித்த மாதிரி. இருபதாம் தேதி முடிவு தெரியும். நான் அவளிடம் மண்டலத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “இருபது நாளா காபி இல்லாம இருக்கீங்களா? முதல்ல ஒண்ணு குடிங்க, தலைவலி போகட்டும். கட்டிய நாங்க பாத்துக்கறோம்” என்றாள்.

வெளியே வந்தால் பெஞ்சியில் எங்காத்துக்காரர் உட்கார்ந்திருக்கிறார். கால் செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி.

நான் சொல்லவில்லை, நீயும் எழுதவில்லை. தேவானை. உன் கடிதத்தை என் கையில் கொடுத்தபோது நான் அழுததைப் பார்த்திருக்கிறாள், படித்துச் சொல் என்று என்னைப் பிடுங்கி எடுத்து விஷயத்தையும் வாங்கிவிட்டாள். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மேல் இவர் அந்தப் பக்கம் போகும்போது வழி மறித்தாளாம். “இன்னா சாமி, டீச்சரம்மா தன்னந்தனியா அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போவுது, நீ பார்க்காண்ட வாக்கிங் போய்க்கினு கீறே” என்று கேட்டாளாம். இவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆத்துக்கு ஓடி வந்து பார்த்திருக்கிறார், நான் அதற்குள் கிளம்பிவிட்டேன். அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எந்தக் கட்டடம் என்று தெரியாமல் ஒன்றரை மணி நேரம் சுற்றியிருக்கிறார்.

ஆட்டோவில் ஏறினோம். திரு.வி.க. பாலம் தாண்டினதும், “ஏன் எங்கிட்ட சொல்லலே?” என்றார். எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கயா, பூத், பச்சைத் தாள், சைபர், எல்லாம்.

“எத்தனை?” என்று கேட்டார்.

“ஏழு” என்றேன்.

ஆட்டோ மந்தைவெளி வரும் வரை வாயைத் திறக்கவில்லை. முடிந்தது, நான் நினைத்ததுதான் இவரும் நினைக்கிறார் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அப்போது அவர் வெளியே பார்த்துக்கொண்டே, “எனக்கு ரெண்டு” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“கயாலேர்ந்து வந்து ஆறு மாசம் தாக்குப் பிடிச்சேன். அப்புறம் முடியலே. உங்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுண்டு சொல்றது? எல்லார் எதிர்லயும் சொல்லிட்டு வந்தாச்சு. உன்னையும் விட வெச்சாச்சு. காலம்பற ஆறு மணிக்கு ஒண்ணு, சாயரட்சை ஒண்ணு. தேவானை பூத்ல.”

ஆஃப்ரீன், அந்த ஆறு மணி ரெகுலர் கிராக்கி இவர்தான். நான் ஐந்தேமுக்காலுக்கு வைத்த டம்ளரை அலம்பி, அதே டம்ளரில் இவருக்குக் கொடுத்திருக்கிறாள் அந்தத் தேவானை. இரண்டரை வருஷமாக. என்னிடமும் மூச்சு விடவில்லை, இவரிடமும் மூச்சு விடவில்லை. நேற்றுக் கேட்டேன். “நீங்க ரெண்டு பேரும் சொல்லாதேன்னு சொன்னீங்கோ. நான் சொல்லல. இதுல இன்னா தப்பு?” என்கிறாள்.

இன்னும் கேள். பொடி என்னுடையது, டிகாஷன் என்னுடையது. இவருக்கு அது தெரியாது. ஆட்டோவில் சொல்கிறார்: “அந்தக் காபிய குடிக்கறச்சேல்லாம் நீ போட்டா மாதிரியே இருக்கேன்னு நெனச்சுப்பேன். அதுக்காகவே அங்க போவேன். மத்த எடத்துல எல்லாம் குடிச்சுப் பார்த்தேன், சரியா வரலே.”

நான் அங்கேயே அழுதுவிட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஏதோ குடும்பச் சண்டை என்று வேகமாக ஓட்டினார். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கயாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லே. அப்படிப் பாத்தா மொதல்ல எனக்குன்னா வந்திருக்கணும்” என்றார். ஆத்துக்குப் போகாமல் நேராகப் பூத்தில் இறங்கினோம். தேவானை இரண்டு டம்ளர் கொடுத்தாள். அவளிடம் இரண்டு டம்ளர் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இருபதாம் தேதி வரைக்கும் பயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இப்போது ஆத்தில் இரண்டு பேராகப் பயப்படுகிறோம்.

காமாக்ஷி

பி.கு. இனிமேல் ஆத்து விலாசத்துக்கே எழுதலாம்.


ராயப்பேட்டை
18.3.1997

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை அம்மிக்கு வாசித்துக் காட்டினேன். செருப்பு வரும் இடத்தில் சிரித்தார், ஆட்டோ வரும் இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மி பெயர் அன்வரி பேகம். தினமும் தொழுகையில் உங்கள் பெயரைச் சொல்லித் துஆ கேட்கிறார். காமாக்ஷி என்ற பெயர் அவர் வாயில் காமாச்சியாகிறது. அல்லாஹ்வுக்கு ஆள் புரியும் என்கிறார்.

நீங்கள் எண்ணிய விதத்தைப் பேராசிரியரிடம் காட்டினேன். மிச்சமானது, கொடுத்தது, நின்று குடித்தது என்று நீங்கள் எழுதிய பக்கத்தை இரண்டு தடவை படித்தார். “நான் ஒரு நாளைக்கு ரெண்டுதான் குடிக்கறேன்” என்றார். கொஞ்ச நேரம் விரலை மடக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “அஞ்சு” என்றார்.

அவ்வளவுதான், பத்தொன்பதாவது கேள்வி செத்தது. இனிமேல் எத்தனை கப் என்று கேட்கப் போவதில்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து டம்ளர் வாய்க்குப் போன ஒவ்வொரு தடவையும், யார் வீட்டில், யார் கொடுத்து, எவ்வளவு என்று கேட்கப் போகிறோம். வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் கேட்கக் கூடாது என்று ஒரு புது விதியும் சேர்ந்திருக்கிறது. பச்சை, மஞ்சள் எல்லோரையும் மறுபடி பார்க்க வேண்டும். மயிலாப்பூரில் மட்டும் நூற்று அறுபது வீடு. என் கால்களின் சாபம் உங்களைச் சும்மா விடாது.

இதையெல்லாம் எழுதுவதே நாளை மறுநாளைப் பற்றி எழுதாமல் இருப்பதற்காகத்தான். உங்கள் பச்சைத் தாள் இன்னும் இழுப்பறையில் இருக்கிறது. திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன். கட்டோடு சேர்க்கக் கை வரவில்லை. பயமாக இருக்கிறது, டீச்சர். தெரிந்தவுடன் எழுதுங்கள்.

ஆஃப்ரீன்


மயிலாப்பூர்
20.3.1997

என் கண்ணு ஆஃப்ரீனுக்கு,

இழுப்பறையைத் திற. என் தாளை எடுத்துப் பச்சைக் கட்டோடு சேர்.

புற்று இல்லை. சாதாரணக் கட்டி என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டாள். இவர் அந்தக் காகிதத்தை நாலு தடவை படித்துவிட்டு, ஐந்தாம் தடவை என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து காட்ட வேண்டும். காட்டுகிறேன். மண்டலம், பரிகாரம் என்று ஒன்றும் ஆரம்பிக்க மாட்டேன் என்று உனக்கு எழுதித் தருகிறேன், இதுவே அந்தப் பத்திரம். எங்கள் தெருக் காமாக்ஷிகள் மற்ற இரண்டு பேரிடமும் கையால் தடவிப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஒருத்தி வெட்கப்பட்டாள், ஒருத்தி உடனே உள்ளே போனாள்.

உன் அம்மியிடம் காமாச்சி நன்றாக இருக்கிறாள் என்று சொல். வெள்ளிக்கிழமை நான் அவருக்காக வேண்டிக்கொள்கிறேன். பெயரைச் சரியாகச் சொல்கிறேனா என்று தெரியவில்லை, அம்பாளுக்கும் ஆள் புரியும்.

கயா விஷயம் எங்காத்துக்குப் புரோகிதம் பண்ணும் வாத்தியாரிடம் போயிற்று. இவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, இதற்கு என்ன வழி என்று கேட்டார். வாத்தியார் “கயால காய், பழம், இலைதானே விடணும். காபி இதுல எதுலே சேர்த்தி?” என்றார். இவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒழுங்காக ஒரு காய் விட்டுவிடுகிறேன் என்று கொத்தவரங்காயை விட்டிருக்கிறார். முப்பத்து மூன்று வருஷத்தில் அதை அவர் தட்டில் தொட்டு நான் பார்த்ததில்லை.

நூற்று அறுபது வீட்டுக்கும் நான் உன்னோடு வருகிறேன். நீ கேள்வி கேள். அவர்கள் “ரெண்டு” என்று சொன்னவுடன் நான் பார்க்கிற பார்வையில் உண்மை வரும். அறுபத்துமூவர் கூட்டம் முடியட்டும், திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம். முதலில் எங்காத்துக்கு வா. அன்றைக்குத் தண்ணீர் கூடக் குடிக்காமல் போனவளுக்கு நான் ஒரு டம்ளர் கடன்பட்டிருக்கிறேன். டீ வீட்டுப் பெண் என்று தப்பிக்க முடியாது.

இப்போது உன் தாளுக்கு. சைபரை அடித்து மூன்று என்று போட்டாய், மூன்றை அடித்து ஏழு என்று போட்டிருப்பாய். இன்று மட்டும் எட்டு.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அசந்து உட்கார்ந்திருந்தேன். இவர் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினார். ஃபில்டரை இறக்கினார், புளி போட்டுத் தேய்த்தார். நான் எழுந்திருக்கப் போனால், “உக்காரு” என்று அதட்டினார். கல்யாணமான நாளிலிருந்து சமையலறையில் அவர் அடுப்பைப் பற்ற வைத்து நான் பார்த்ததில்லை. அரை மணி நேரம் கழித்து டம்ளரோடு வந்தார். டிகாஷன் இறங்குவதற்குள் அவசரப்பட்டிருக்கிறார், பால் பொங்கி வழிந்து பாதிதான் மிச்சம், சர்க்கரை போட மறந்துவிட்டார். காபி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதையும் எண்ணிக்கொள்.

காமாக்ஷி